எனக்கும் அக்காவுக்கும் நடுவுல

வெளிய வரிசையில நாலு பேரு. நாலாவதா நிக்கிறது எங்க அக்கா. வெயில்ல கண்ணு கூசி வேற யாரையோ நெனச்சிட்டேனோன்னு இன்னொரு தரம் ஜன்னல் வழியா பாக்கிறேன். இல்ல, அவங்கதான். அதே பச்சைத் தலைக்கட்டு, யாரோ நட்டு வச்சிட்டுப் போன மாதிரி அதே நிக்கிற நெலை. ஜன்னல்ல இருந்து முகத்த எடுத்துக்கிறேன். ஜெர்மன்காரர் சார்ஜெண்ட் கிரோல் மேஜைக்குப் பின்னால உக்காந்து பைப்புல புகையில அடைக்கிறாரு. ஒரு பைப் எரியறதுக்குள்ள நாலு மனுவ முடிச்சிடுவாரு, அது அவரோட கணக்கு. அப்ப இந்தப் பைப்போட அடிப்புகையிலதான் எங்க அக்காவுக்கு. நான் மேஜைக்குப் பக்கத்துல நிக்கிறேன், மிஷன் கொடுத்த கறுப்புக் கோட்டுல. ஞாயித்துக்கிழமை போதகர் ஜெர்மன்ல பிரசங்கம் பண்ணா நான் அத எங்க ஜனங்களோட நாமா பாஷையில சொல்லணும். திங்கக்கிழமை சார்ஜெண்டு அதட்டினா அதையும் நாமா பாஷையில அதட்டணும். ரெண்டுக்கும் ஒரே கோட்டுதான். கோட்டுக்குள்ள ரெண்டு ஆள் வேணும்னு எத்தனையோ தரம் நெனச்சிருக்கேன், ஆனா இன்னைக்கு மாதிரி என்னைக்கும் நெனச்சதில்ல. ஏன்னா நான் எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. சண்டை ஒண்ணும் இல்ல. சண்டை போடணும்னாலும் பேசணுமே. எங்க ஜனங்க வழக்கம் அப்படி. அக்கா பெரியவளானா தம்பி ஒதுங்கிடணும். நேருக்கு நேர் பேசக்கூடாது, பேரச் சொல்லக்கூடாது, ஒரு குடிசையில தனியா இருக்கக்கூடாது. எதாவது சொல்லணும்னா நடுவுல ஒருத்தரு வேணும். எனக்குப் பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சது, இப்ப முப்பத்தெட்டு. இருபத்தாறு வருஷமா அவங்க என்னைப் பத்தி என்ன நெனக்கிறாங்கன்னு எனக்கு அடுத்தவங்க வாய் வழியாத்தான் தெரியும். பாதகமில்ல, நல்லதத்தான் சொல்லி அனுப்பினாங்க. இல்லன்னா நடுவுல நின்னவங்க நல்லவங்க.

மொத ஆளு உள்ள வந்துட்டாரு. கெழவர், துப்பாக்கி லைசென்ஸு கேக்க வந்தவரு. கைய நீட்டி நீட்டிப் பேசறாரு. இந்தச் சிவந்த மூக்கன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இதே துப்பாக்கில மான் அடிச்சேன், இவன்கிட்ட நான் எதுக்குக் கேக்கணும்னு கேளுங்கிறாரு. நான் ஜெர்மன்ல சொல்றேன்: ஐயா, இவரு ரொம்ப வருஷமா பத்திரமா துப்பாக்கி வச்சிருக்கிறவரு, உங்க அனுமதிக்குக் காத்திருக்காரு. சார்ஜெண்டு தலைய ஆட்டறாரு. கெழவரும் நான் அப்படியே சொல்லிட்டேன்னு நெனச்சு மார நிமித்திக்கிறாரு. ரெண்டு பேருக்கும் திருப்தி. மொழிபெயர்ப்புங்கிறது இதான். முள்ளுச்செடிய அப்படியே போட்டா மாடு வாயக் கிழிச்சுக்கும், முள்ள சீவிப் போட்டா தின்னும். மிஷனோட சாயங்காலப் பள்ளிக்கூடத்துல இத யாரும் சொல்லிக் கொடுக்கல. அங்க சொல்லிக் கொடுத்தது வேற. பகலெல்லாம் ஆடு மேச்சுட்டு வந்து, கால்ல புழுதியோட பெஞ்சுல உக்காந்து, கர்த்தர் என் மேய்ப்பர்னு ஜெர்மன்ல நூறு தரம் எழுதினேன். மேய்ச்சுக் களைச்சவன் அத எழுதும்போது, எனக்கும் ஒருத்தர் மேய்ப்பரா இருந்தா நல்லாத்தான் இருக்கும்னு தோணும். தூங்கிடுவேன். அப்படித் தூங்கித் தூங்கி எழுதினதுலதான் என் எழுத்து எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. இந்தச் சாஞ்ச எழுத்துதான் இன்னைக்கு எனக்கு எமன். கதவப் பாக்கிறேன். வெளிப்பக்கம் மாவுக்கூழு போட்டு ஒட்டின காகிதத்தோட ஓரம் மட்டும் இங்கிருந்து தெரியுது. அதுல இருக்கறது: ஒருத்தர் ஒருத்தராத்தான் உள்ள வரணும், கூட யாரும் வரக்கூடாது, பேசக்கூடாது. எழுதினது நான். எழுதலாமான்னு சார்ஜெண்டுகிட்ட கேட்டதும் நான்தான். போன வருஷம் ஒரு மனுவுக்குப் பதினோரு பெரியவங்க ஒரே நேரத்துல உள்ள வந்து பதினோரு விதமா சத்தியம் பண்ணாங்க, எனக்கு மூணு நாள் காது கேக்கல. அன்னைக்கு எழுதினேன். ரொம்பப் பெருமையா எழுதினேன். அப்ப எங்க அக்கா ஒரு நாள் இந்தக் கதவுக்கு வருவாங்கன்னு நெனக்கவே இல்ல. அவங்க எதுக்காகவும் எந்தக் கதவுக்கும் போனவங்க இல்ல.

ஊத்துக்காக வந்திருக்காங்க. அது எனக்குத் தெரியும். ஊரே பேசுது. அக்காவும் அவங்க புள்ளைங்களும் பதினோரு உசிரு, அந்தக் கரும்பாறை ஊத்துல குடிச்சு, குளிச்சு, ஆட்டுக்குக் காட்டி இருக்காங்க. எங்க தாத்தா அதுல மொகம் கழுவினவரு. இப்ப புதுசா வந்த பண்ணைக்காரன் ஒருத்தன் அந்த ஊத்தத் தான் கண்டுபிடிச்சதா எழுதிக் கொடுத்திருக்கான். எங்க தாத்தா மொகம் கழுவிட்டிருக்கும்போது அது காணாமப் போயிருந்துச்சு போல. சார்ஜெண்டு இன்னைக்கு அவங்கள விசாரிக்கிறாரு. யாரு குடிக்கிறா, எத்தனை நாளா, எத்தனை ஆடு. பதில் சொன்னா ஊத்து கையில இருக்கும், சொல்லலன்னா வேலி. போன மாசம் ஒரு மனுஷன் உள்ள வந்து பயத்துல வாயே தொறக்கல. சார்ஜெண்டு ரெண்டு இழுப்பு இழுத்தாரு, பதில் இல்லன்னா உரிமை இல்லன்னு எழுதினாரு, அடுத்த ஆள்னாரு. ரெண்டு இழுப்பு. இன்னைக்கு நான் கேள்வியக் கேக்கலன்னா அக்காவால பதில் சொல்ல முடியாது, நான் கேட்டா அக்காவுக்கு வேற எவனும் பண்ணாத அவமானத்த நான் பண்ணினவனாவேன். வெளிய நிக்கிறவங்க காது எல்லாம் இந்தத் தகரச் சுவருலதான் ஒட்டியிருக்கு. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லலாமா? வேற மொழிபெயர்ப்பாளன் நாலு நாள் தூரத்துல இருக்கான். போதகர் இருக்காரு, எங்க பாஷையில பாதி வார்த்தைக்கு நாக்கச் சொடுக்கணும், பத்தொன்பது வருஷமா அவரும் சொடுக்கிச் சொடுக்கிப் பேசிப் பாக்கிறாரு, பாவம், குதிரை ஓட்டுற சத்தம்தான் வருது. அதுவும் இல்லாம இந்த வழக்கம் வேதத்துல எங்க இருக்குன்னு கேக்கிறவரு அவரு. ஒரு கிறிஸ்துமஸ் அன்னைக்கு என்னையும் அக்காவையும் ஒரே மேஜையில உக்கார வச்சு, சகோதரனே சகோதரியோட பேசுன்னாரு. நடுவுல ஒரு ரொட்டி இருந்துச்சு. நான் ரொட்டியப் பாத்தேன். அவங்களும் ரொட்டியப் பாத்தாங்க. ரொட்டியே, இந்த வருஷம் மழை நல்லாருக்கும்னு நான் சொன்னேன். ரொட்டியே, நல்லாருந்தா சரின்னு அவங்க சொன்னாங்க. போதகர் கண்ணுல தண்ணி, தேவனுக்கு ஸ்தோத்திரம்னாரு. அந்த ரொட்டிய அப்புறம் யாராலயும் தின்ன முடியல, அவ்வளவு மரியாதை ஏறிப்போச்சு அதுக்கு.

ரெண்டாவது ஆளு வந்து போயாச்சு, துறைமுகத்துல வேலை பாக்கிற புருஷனப் பாக்கப் போறதுக்குப் பாஸ் கேட்ட பொண்ணு, கெடச்சிடுச்சு, நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, வாய் தானா ஓடுது, பத்து வருஷம் பழகின காளைக்கு வழி சொல்ல வேண்டியதில்ல. பைப்பு பாதி. ஜன்னல் பக்கம் ஒரு மொகம். ராகேல். எங்க மாமன் மக. அக்காவோட ராகேலும் வந்திருக்கா, அப்ப அக்கா எல்லாம் யோசிச்சுத்தான் வந்திருக்காங்க, நடுவுல நிக்க ஆளோட. மாமன் மகள்னா எங்ககிட்ட எது வேணும்னாலும் பேசலாம், திட்டலாம், கேலி பண்ணலாம், கோவிச்சுக்கக் கூடாது. கடவுள் அக்காவுக்கு மூடின வாயையும் சேத்து இவளுக்குத் தொறந்து விட்டிருக்காரு. ஜன்னல்ல தலைய வச்சு மெதுவாக் கேக்கிறா, "என்ன கோட்டுக்காரரே, உள்ள ஆளு இருக்கா, இல்ல கோட்ட மட்டும் ஆணியில மாட்டியிருக்கா?" நான் உதட்ட அசைக்காம, உள்ள ரெண்டு பேரு வரக்கூடாது, நீ வர முடியாதுன்னு சொல்றேன். யாரு சொன்னான்னு கேக்கிறா. கதவுல எழுதியிருக்குங்கிறேன். யாரு எழுதினாங்கிறா. நான் மேல தகரத்தப் பாக்கிறேன். "எனக்குப் படிக்கத் தெரியாது," ங்கிறா, "ஆனா அந்தக் குடிகாரன் மாதிரி சாஞ்சு நடக்கிற எழுத்து யாரோடதுன்னு தெரியும். உன்னக் கட்டிக்காம நான் தப்பிச்சது இப்பதான் புரியுது." சார்ஜெண்டு நிமிந்து பாக்கிறாரு. இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேக்கிறாரு. அலுவலகம் சுத்தமா இருக்குதுன்னு பாராட்டறாங்கங்கிறேன். ராகேல் போயிட்டா. வாசல்ல காவல் நிக்கிற சிப்பாய் அவள மறிக்கிறான், காகிதத்தக் காட்டறான், விரல ஒண்ணுன்னு நீட்டறான். அவனுக்கு எழுத்துன்னா வேதம். மூணாவது ஆளு உள்ள வர்றான், பக்கத்து ஊரு வியாபாரி எருத ஓட்டிட்டுப் போயிட்டான்னு புகார். நல்ல ஆளு, மெதுவாப் பேசு, இன்னும் மெதுவாப் பேசு, எருதோட பொறந்த நாள்ல இருந்து சொல்லு, எனக்கு நேரம் வேணும்.

எருதுக்கு ஒரு கொம்பு வளைஞ்சிருக்காம். எனக்கு அந்தக் கத்தி ஞாபகம் வருது. பதினெட்டு வயசு, ஒருத்தனோட மல்லுக்கு நின்னேன், எதுக்குன்னு இப்பத் தெரியல, கையில கத்தி இருந்துச்சு. யார் யாரோ புடிச்சாங்க, விடல. அப்ப அக்கா வந்தாங்க. ஒண்ணும் சொல்லல, சொல்லவும் முடியாதே, எனக்கும் அவனுக்கும் நடுவுல வந்து நின்னாங்க, அவ்வளவுதான். கத்தி தானா கீழ விழுந்துச்சு. எங்க ஜனத்துல அக்கா மேல ஆணைன்னு சொன்னா அதுக்கு மேல ஆணை கெடையாது. அக்கா முன்னாடி பொய் சொன்னவன் நாக்கு அப்புறம் எதுக்கும் உதவாது. இங்க அதுவும் சேந்து வருது. ஏன்னா இந்த அறையில நான் சொல்றதுல பாதி முள்ளு சீவினது. சார்ஜெண்டுக்கு முப்பது ஆட்டுக்கு மேல இருந்தா அது மந்தை, மந்தைன்னா மேலதிகாரிக்கு எழுதணும், மேலதிகாரிக்கு எழுதினா ஊத்து போச்சு. மத்த நாளா இருந்தா எத்தனைன்னு கேட்டா இருபத்தெட்டுன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போவேன். அக்கா உண்மையத்தான் சொல்லுவாங்க, அவங்களுக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது. எருதுக்காரன் முடிச்சிட்டான். அவ்வளவுதானான்னு நானே கேக்கிறேன். அவ்வளவுதாங்கிறான். எருதோட அம்மா பத்தி எதுவும் இல்லையாங்கிறேன். அவன் என்ன ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டான். அடுத்த ஆள்ங்கிறாரு சார்ஜெண்டு.

வாசல் இருட்டாகி வெளிச்சமாகுது. அக்கா வந்துட்டாங்க. தனியா வரல. ஒரு வெள்ளாட்டக் காதப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. கறுப்பும் வெள்ளையும், ஒரு கண்ணச் சுத்தி மட்டும் கறுப்பு. வாசல்ல முள்ளு மரத்துல கட்டியிருந்தது போல. சிப்பாய் பின்னாடியே வந்து காகிதத்தப் பாக்கிறான், ஆட்டப் பாக்கிறான், திரும்பக் காகிதத்தப் பாக்கிறான். ஆள் ஒண்ணுதான். ஆடு ஆள் இல்ல. அவன் ஒதுங்கி நின்னுட்டான். ரொட்டி ஞாபகம் இருந்திருக்கு அவங்களுக்கு. ஆடு எதுக்குன்னு சார்ஜெண்டு கேக்கிறாரு. அந்த ஊத்துல குடிக்கிற ஆடு ஐயா, சாட்சிங்கிறேன். சரி, யாரு அந்த ஊத்த உபயோகிக்கிறதுன்னு கேளுங்கிறாரு. நான் ஆட்டப் பாத்து, கோட்ட இழுத்து விட்டுக்கிட்டு, ஆட்டம்மா, உன்னக் கூட்டிட்டு வந்தவங்க ஊத்துல யாரு யாரு குடிக்கிறாங்கன்னு ஐயா கேக்கிறாருங்கிறேன். அக்கா ஆட்டோட கழுத்தத் தடவிக்கிட்டே ஆட்டுக்குச் சொல்றாங்க, ஒவ்வொரு பேரா, பதினோரு பேரு. நான் சொல்றேன். எத்தனை நாளாங்கிறாரு. ஆட்டம்மா, எத்தனை நாளா? தாத்தா காலத்துல இருந்துன்னு ஆட்டுக்குப் பதில் வருது. சார்ஜெண்டு பைப்ப வாயில இருந்து எடுத்துட்டாரு. "எஃப்ராயிம், மேஜைக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன், அந்தப் பக்கம் அந்த அம்மா இருக்கா. நீ ஏன் ஆட்டுகிட்ட பேசற? என்னக் கேலி பண்றியா?" இங்க நூறு முள்ளு சீவலாம். ஆட்டுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லலாம், எங்க ஊரு பழமொழின்னு சொல்லலாம், வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அவங்க அங்க நிக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு ஜெர்மன் வார்த்தை தெரியாது. அதனால என்ன, எனக்குத் தெரியுமே. ஐயா, இவங்க எங்க அக்கான்னு சொல்லிட்டேன். வழக்கத்தையும் சொல்லிட்டேன். இருபத்தாறு வருஷத்தையும் சொல்லிட்டேன்.

சார்ஜெண்டு என்னையே பாக்கிறாரு. சொந்தக்காரிக்கு நீ மொழிபெயர்த்தா நான் எப்படி நம்பறதுங்கிறாரு. நான் வேலைக்கு வரும்போது வேதப் புத்தகத்துல கை வச்சேன், அது அவருக்குத் தெரியும், இந்த அலுவலகத்துல எல்லாரும் கை வச்சுத்தான் பேசறாங்கன்னும் அவருக்குத் தெரியும். எங்க பாஷையில ஒரு ஆணை இருக்கு ஐயா, அத நான் இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்லங்கிறேன். நாமாவுல, சத்தமா, ஆட்டப் பாத்துச் சொல்றேன்: என் அக்கா மேல ஆணை. அக்காவோட கை ஆட்டுக் கழுத்துல நின்னுடுச்சு. தலை குனிஞ்சிடுச்சு. எத்தனை ஆடுன்னு கேளுங்கிறாரு சார்ஜெண்டு. ஆட்டம்மா, எத்தனை பேரு நீங்க? நாப்பத்தி மூணுன்னு ஆட்டுக்குச் சொல்றாங்க அக்கா. கொஞ்சம் யோசிச்சு, உன்னையும் சேத்துங்கிறாங்க. இருபத்தெட்டுங்கிற ஜெர்மன் வார்த்தை என் வாய்க்குள்ள பழக்கமா எந்திரிச்சு நிக்குது, காலைல பட்டியில இருந்து முட்டிக்கிட்டு வர்ற கெடா மாதிரி. தாத்தா மொகம் கழுவின தண்ணி. பதினோரு பேரு. வேலி. நாப்பத்தி மூணு ஐயான்னு சொல்றேன். இந்த ஆட்டையும் சேத்து. சார்ஜெண்டு ஒரு காகிதத்த இழுத்துப் பாக்கிறாரு. பண்ணைக்காரன் நூத்தி இருபதுன்னு எழுதிக் கொடுத்திருக்கான், நீ முப்பதுக்குள்ளதான் சொல்லுவேன்னு நெனச்சேன், உன் முப்பதெல்லாம் எனக்குத் தெரியும் எஃப்ராயிம், அதனால நேத்தே சிப்பாய அனுப்பி எண்ணிட்டு வரச் சொன்னேங்கிறாரு. காகிதத்த என் பக்கம் திருப்பறாரு. நாப்பத்தி மூணு. கீழ சிப்பாயோட கையெழுத்து. நான் மேஜையப் புடிச்சுக்கிறேன், சும்மா சாஞ்ச மாதிரி. மந்தை விஷயம்னு இழுக்கிறேன். பதிமூணு ஆட்டுக்காக நான் மேல எழுதி, மேல இருந்து அவங்க எனக்கு எழுதி, நான் திரும்ப எழுதணுமா, வெயில் ஏறறதுக்கு முன்னாடி நான் சாப்பிடணும்ங்கிறாரு. முத்திரைய அடிக்கிறாரு. ஒரு வருஷம். எங்க தண்ணிக்கு எங்களுக்கு ஒரு வருஷம் அனுமதி. அடுத்த வருஷம் திரும்ப வரணும். சரி, ஆடு அப்பவும் இருக்கும். பைப்பத் தட்டிச் சாம்பலக் கொட்டிக்கிட்டே, அவரு மொகத்துல ஒரு ஏக்கம் வருது. "எங்க அக்கா மாசத்துக்கு நாலு கடிதாசி எழுதறா," ங்கிறாரு. "ஒவ்வொண்ணும் ஒம்பது பக்கம். உங்க வழக்கம் எங்க ஊருல இருந்திருந்தா நான் இவ்வளவு தூரம் கப்பல் ஏறி வந்திருக்கவே மாட்டேன்." இத மொழிபெயர்க்கணுமா ஐயாங்கிறேன். வேணாங்கிறாரு.

அக்கா காகிதத்தத் தலைக்கட்டுக்குள்ள சொருகிட்டு ஆட்டோட வெளிய போறாங்க. நான் வாசல் வரைக்கும் போறேன், அடுத்த ஆள் இருக்கான்னு பாக்கப் போற மாதிரி. சிப்பாய் நிழலுக்குப் போயிட்டான். ராகேல் மரத்தடியில நின்னு, பெரிய மனுஷன் ஆட்டுக்கெல்லாம் மரியாதை கொடுக்கிறாரு, எனக்கு ஒரு நாள் கொடுத்திருக்காரான்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றா. இனிமே இந்த ஆட்ட யாராலயும் வெட்ட முடியாது, தெரியுமில்லங்கிறா, நல்ல கொழுத்த ஆடு, கிறிஸ்துமஸுக்கு வச்சிருந்தோம், பாழ் பண்ணிட்டீங்க அக்காவும் தம்பியும் சேந்து. அக்கா சிரிக்கிறத நான் பாக்கல, பாக்கக் கூடாது, ஆனா காதுக்குக் கேட்டுச்சு. அப்புறம் ஆட்டோட காதுகிட்ட குனிஞ்சு, எனக்குக் கேக்கிற அளவுக்குத்தான் சொல்றாங்க, "ஆட்டம்மா, உனக்கு ஒண்ணு சொல்றேன். அந்த மனுஷன் குரல் நல்லாருக்கு. அப்பா குரல் மாதிரியே இருக்கு. ஞாயித்துக்கிழமை கேட்டா அது போதகர் சொன்னது, திங்கக்கிழமை கேட்டா அது சார்ஜெண்டு சொன்னது. இன்னைக்குத்தான் அவன் சொன்னதக் கேட்டேன்." நான் ஆட்டப் பாக்கிறேன். ஆடு என்னப் பாக்கல, அதுக்கு வேற வேலை இருக்கு, கழுத்த எட்டி நீட்டி, கதவுல இருக்கற காகிதத்தக் கீழ்முனையில புடிச்சு, மாவுக்கூழ் ருசி புடிச்சுப்போயி, கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்துக்கிட்டிருக்கு. கூட யாரும் பேசக்கூடாதுங்கிறது போயிடுச்சு. ஒருத்தர் ஒருத்தராங்கிறது போயிட்டிருக்கு. சாஞ்ச எழுத்து சுலபமா எறங்கும் போல. உள்ள இருந்து சார்ஜெண்டு, எஃப்ராயிம், வாசல்ல என்ன சத்தம்னு கேக்கிறாரு. ஒண்ணுமில்ல ஐயா, சாட்சி கெளம்புதுங்கிறேன். அது தின்னு முடிக்கிற வரைக்கும் நின்னு மறைச்சுக்கிறேன், கோட்டு நல்ல அகலமான கோட்டு, இன்னைக்குத்தான் அது எதுக்குத் தச்சதுன்னு தெரியுது.